மார்கழி சனி, ஞாயிறு: கோவளம் – மாமல்லபுரம் பாய்மரத்தில் போய் வரலாமா?

கரைப்பறவை | வியாழன், இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். இந்தச் சனிக்கிழமை கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை பாய்மரத்தில் போய், சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம் என்று நானும் நண்பரும் நினைத்திருக்கிறோம். படகு பழைய எண்டர்பிரைஸ், 4 மீட்டர் நீளம், இரண்டு பாய். சித்திரையில் கற்றுக்கொண்டோம். ஆவணி வரைக்கும் கிட்டத்தட்ட எல்லா ஞாயிற்றுக்கிழமையும் கடலில்தான் இருந்தோம். மழைக்காலத்தில் படகைத் தொடவில்லை. இது எங்கள் முதல் குளிர்காலம்.

விண்டி செயலியில் சனிக்கிழமை வடகிழக்குக் காற்று 13 நாட் என்று இருக்கிறது. ஞாயிறு 17. அதனால் சனிக்கிழமையே நல்லது என்று முடிவு செய்தோம். மழையும் பெரிதாகக் காட்டவில்லை. வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையில் மட்டும் 35 முதல் 45 என்று வருகிறது. இரண்டில் எதை நம்புவது?

காலை 9 மணிக்குக் கிளம்பினால் 11 மணிக்குள் போய்விடலாம். சாப்பிட்டுவிட்டு 12 மணிக்குத் திரும்பினால் 3 மணிக்குள் வந்துவிடுவோம் என்று கணக்கு. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மழைக்குறிப்பு | வியாழன், இரவு 9.15

தம்பி, முதலில் அந்த எண் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். செயலி சொல்வது நாட். வானிலை மையம் சொல்வது மணிக்குக் கிலோமீட்டர். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கி.மீ. அப்படிப் பார்த்தால் 35 முதல் 45 கி.மீ. என்பது 19 முதல் 24 நாட். அந்த அறிவிப்பில் "இடையிடையே 55" என்றும் இருக்கும், பாருங்கள். அது 30 நாட்டுக்குக் கொஞ்சம் குறைவு.

அலகை மாற்றிய பிறகும் 13-க்கும் 19-க்கும் இடைவெளி இருக்கிறதே என்று கேட்பீர்கள். மையம் ஒரு பெரிய கடல் பகுதி முழுவதற்கும் சேர்த்து எச்சரிக்கை கொடுக்கிறது. செயலியோ நீங்கள் விரல் வைத்த ஒரு புள்ளிக்குக் கணக்குப் போடுகிறது, அதுவும் சராசரிக் காற்றுக்கு. செயலியில் வீச்சுக்காற்று (திடீரென்று எழுந்து அடங்கும் பலத்த காற்று) என்று தனியாக ஒரு வரிசை இருக்கும். நான் இப்போது பார்த்தேன், சனிக்கிழமை பிற்பகலில் அது 19. படகைக் கவிழ்ப்பது சராசரி இல்லை, அந்த வீச்சுதான். காற்றின் வேகம் 12-லிருந்து 17 ஆனால் பாயில் விழும் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவது அது.

இன்னொன்று. இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி இருக்கிறது. நம் பக்கம் வராது என்றே எல்லாக் கணிப்பும் சொல்கிறது. வராவிட்டாலும், தெற்கே தாழ்வும் வடக்கே உயரழுத்தமும் இருந்தால் நடுவில் அகப்பட்ட நம் கரையில் வாடை (வடகிழக்குக் காற்று) இறுகும். வானம் நீலமாக இருக்கும், வெயில் அடிக்கும், காற்று மட்டும் நிற்காது. குளிர்காலத்தில் புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவது இந்த நாட்களில்தான். மழை இல்லையே என்று கிளம்பிவிடுவார்கள்.

நாளை மதியம் வரை முடிவு எடுக்காதீர்கள். காலை 5.30 மணி நிலவரத்தை வைத்து ஓடும் கணிப்பு மதிய வாக்கில்தான் வரும். அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

வேகப்பாய் | வியாழன், இரவு 9.50

இவ்வளவு யோசிக்க வேண்டாம் நண்பரே. போன மாதம் நான் இதே பாதையில் 20 நாட் காற்றில் போய் வந்தேன். அருமையான ஓட்டம். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள், கைப்பேசியை நீர்புகா உறையில் வையுங்கள், போதும். கடல் நீர் இப்போதும் 26 டிகிரிக்குக் குறையாது. விழுந்தாலும் குளிரில் விறைக்கப் போவதில்லை.

வடக்குவாடை | வியாழன், இரவு 10.30

வேகப்பாய் தம்பி போய் வந்ததில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் எந்தப் படகில் போனார், எத்தனை வருடம் ஓட்டியவர், பின்னால் மீட்புப் படகு வந்ததா என்பதையும் சேர்த்துச் சொன்னால் கேட்கிறவருக்கு உதவியாக இருக்கும்.

கரைப்பறவை, உங்கள் திட்டத்தில் எனக்குப் பயமாக இருப்பது காற்று இல்லை, திரும்பி வரும் நேரம். கோடையில் ஓட்டியவர் போட்ட கணக்கு இது. கோடையில் பிற்பகல் கடல்காற்று தென்கிழக்கிலிருந்து வரும், வெள்ளம் (கடல் நீரோட்டம்) வடக்கே போகும். மாமல்லபுரத்திலிருந்து கோவளம் வர இரண்டும் உங்களைத் தள்ளிக்கொண்டு வரும். இப்போது இரண்டும் திரும்பி நிற்கின்றன. ஐப்பசி முதல் மார்கழி வரை நம் கரையோரம் வெள்ளம் வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. வாடையும் அந்தப் பக்கமே தள்ளுகிறது. தெற்கே போவது சறுக்குமரத்தில் இறங்குவது மாதிரி சுகமாக இருக்கும். இறங்கிய பிறகுதான் ஏற வேண்டியது தெரியும்.

எவ்வளவு வெள்ளம் என்று தெரிந்தால் நேரத்தைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம். கரையில் இருந்து யாராவது சொல்ல முடியுமா?

குப்பத்துத்தம்பி | வெள்ளி, காலை 7.20

ஐயா, நான் சொல்கிறேன். எங்கள் அண்ணன் படகு இப்போதுதான் கரை ஏறியது. ராத்திரி ஒன்றரை மணிக்குக் கோவளத்துக்கு நேரே வலை விட்டார்கள். விடிந்து ஆறு மணிக்கு வலை எடுக்கும்போது நேராக நெம்மேலி கடல்நீரைக் குடிநீராக்கும் தொழிற்சாலை தெரிந்ததாம். அவ்வளவு தூரம் வெள்ளம் இழுத்திருக்கிறது. நேற்றைவிட இன்று இழுப்பு அதிகம் என்றார்.

நாளைக்குத் தொழிலுக்குப் போகிறீர்களா என்று கேட்டேன். விடியற்காலைப் பாடு மட்டும் பார்த்துவிட்டு எட்டு மணிக்குள் ஏறிவிடுவோம், பகலில் யாரும் இறங்க மாட்டார்கள் என்றார். அவர்களிடம் இருப்பது ஃபைபர் படகு, எஞ்சின் வேறு.

வடக்குவாடை | வெள்ளி, காலை 8.05

நன்றி தம்பி. எனக்கு வேண்டியது இதுதான். கோவளத்திலிருந்து நெம்மேலி கடல் வழியாக நாலரைக் கடல் மைல் இருக்கும். நாலரை மணி நேரத்தில் நாலரை மைல். அப்படியென்றால் வெள்ளம் ஒரு நாட், அதாவது மணிக்கு ஒரு கடல் மைல்.

இப்போது உங்கள் பயணத்துக்கு வருவோம். கோவளம் – மாமல்லபுரம் சுமார் 10 கடல் மைல். போகும்போது பின்காற்று. படகு 5 நாட் ஓடும், வெள்ளம் 1 நாட் சேரும். மொத்தம் 6. ஒரு மணி நாற்பது நிமிடத்தில் போய்விடுவீர்கள். நீங்கள் சொன்ன 11 மணி சரிதான்.

வரும்போது ஏறக்குறைய எதிர்க்காற்று. நேராக வர முடியாது, வலமும் இடமுமாக மாறி மாறி வெட்டித்தான் ஏற வேண்டும். படகு நீரில் 4 நாட் ஓடினாலும் ஊரை நோக்கி நெருங்குவது 2.8 நாட்தான். அதிலும் வெள்ளம் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளும். மிச்சம் 1.8. பத்து மைலுக்கு ஐந்தரை மணி நேரம். 12 மணிக்குக் கிளம்பினால் மாலை 5.30. மார்கழியில் சென்னையில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். இது அலையே இல்லாத கடலுக்கான கணக்கு. ஒன்றரை மீட்டர் அலையில் ஏறி இறங்கும் 4 மீட்டர் படகு அந்த 4 நாட்டை எட்டாது. நடுவில் ஒரு தடவை கவிழ்ந்தால் அரை மணி போச்சு. பழைய எண்டர்பிரைஸ் நிமிர்த்தினாலும் உள்ளே தண்ணீர் நிறைந்தே நிமிரும். அந்தத் தண்ணீரை இறைத்து வெளியேற்றும் வரை வெள்ளம் உங்களைத் தெற்கேதான் கொண்டுபோகும். தெற்கே அடுத்து இருப்பது கல்பாக்கம்.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பல வருடத்துக்கு முன்பு, தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. விடியற்காலையில் கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. வடமேற்கிலிருந்து கரைக்காற்று, முகத்தில் சில்லென்று. கரை ஓரத்தில் காற்றே இல்லை என்று நினைத்துப் பாயை முழுதாக ஏற்றிக்கொண்டு போனேன். கரையில் கட்டடங்களும் சவுக்கும் காற்றை மறைத்திருக்கின்றன என்பது எனக்கு உறைக்கவில்லை. ஒரு மைல் தாண்டியதும் மறைவு முடிந்தது, காற்று பிடித்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தால் கரை சின்னதாகத் தெரிந்தது. கரைக்காற்று தள்ளுவது கடலுக்குள்தானே. கை விரல்கள் கயிற்றைப் பிடித்துப் பிடித்து மடங்கியபடியே நின்றுவிட்டன, விரிக்க முடியவில்லை. மூன்று மணி நேரம் கழித்து ஒரு மீன்பிடிப் படகு கயிறு போட்டு இழுத்து வந்தது. கரையில் இறங்கிய பிறகும் அரை மணி நேரம் நடுங்கினேன். நீர் 26 டிகிரிதான். நனைந்த உடம்பின் மேல் மூன்று மணி நேரம் காற்று அடித்தால் 26 டிகிரியிலும் உடம்பு சூட்டை இழக்கும். வேகப்பாய் தம்பிக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

சோலன்ட்காரன் | வெள்ளி, காலை 11.40

இங்கிலாந்தின் சவுதாம்ப்டனிலிருந்து எழுதுகிறேன். இங்கே இந்த மாதத்தில் கடல் நீர் 9, 10 டிகிரி. விழுந்த முதல் நிமிடத்தில் மூச்சு திணறி நீரைக் குடித்துவிடுவார்கள். நீந்தத் தெரிந்தவர்களும் சாவது அதில்தான். அதனால் குளிரைத் தடுக்கும் தனி உடை இல்லாமல் குளிர்காலப் பந்தயத்துக்கு இறங்குவது அபூர்வம். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் இங்கே எனக்குப் பிடித்த ஒரு பழக்கத்தைச் சொல்லலாம். கடல் வானிலை அறிக்கையில் சொற்களுக்கு அளவு வைத்திருக்கிறார்கள். புயற்காற்று எச்சரிக்கையில் "உடனடியாக" என்றால் 6 மணி நேரத்துக்குள். "விரைவில்" என்றால் 6 முதல் 12 மணி. "பிற்பாடு" என்றால் 12 மணிக்கு மேல். கேட்கிறவர் ஊகிக்க வேண்டியதில்லை. இங்குள்ள குழுவில் நாங்களும் அதே மாதிரி வெள்ளிக்கிழமை இரவே எண்ணை எழுதிவிடுவோம். வீச்சு இவ்வளவைத் தாண்டினால் இறங்க மாட்டோம் என்று. சனிக்கிழமை காலை கரையில் நின்று பேசினால், ஒரு வாரமாகக் காத்திருந்த மனசு எதையும் சரி என்று சொல்லிவிடும்.

மழைக்குறிப்பு | வெள்ளி, பிற்பகல் 2.10

மதியக் கணிப்பு வந்துவிட்டது. ஞாயிறு வரும் என்று இருந்த காற்று சனிக்கிழமை பிற்பகலுக்கு முந்திவிட்டது. சராசரி 17, வீச்சு 25. மன்னார் வளைகுடா, குமரிக்கடல் எச்சரிக்கையோடு தமிழகக் கடலோரமும் சேர்ந்திருக்கிறது. அலை உயரம் 1.8 மீட்டர், இரண்டு அலைக்கு நடுவே 6 விநாடி. இந்த 1.8 என்பது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. தனியாக வரும் ஒரு பெரிய அலை அதில் இரண்டு மடங்கு வரை போகலாம்.

24 மணி நேரத்தில் ஏன் இவ்வளவு மாற்றம் என்றால், தாழ்வுப் பகுதி எதிர்பார்த்ததைவிட வேகமாக மேற்கே வருகிறது. குளிர்காலத்தில் இது வழக்கம். கடல் சூடாக இருக்கிறது, மேலே காற்று ஒத்துழைத்தால் அமைப்பு ஒரே நாளில் மாறிவிடும். 2017-ல் ஒக்கியை நினைத்துப் பாருங்கள். நவம்பர் 29-ல் தாழ்வு மண்டலம், 30 காலையில் புயல். குமரி மீனவர்கள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். 2024-ல் ஃபெஞ்சல் இன்னொரு மாதிரி. நவம்பர் 29 வெள்ளிக்கிழமை பிற்பகலில் புயல் என்று பெயர் வைத்தார்கள். சனிக்கிழமை பகலில் கரை கடந்துவிடும் என்று இருந்தது இரவுதான் புதுச்சேரி அருகே கடந்தது, கடந்தும் நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. ஒன்று முந்தியது, ஒன்று பிந்தியது. வியாழக்கிழமைக் கணிப்பை வைத்துச் சனிக்கிழமையை உறுதி செய்யாதீர்கள் என்று நான் படித்துப் படித்துச் சொல்வது இதனால்தான்.

"கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை" என்று நேற்று ஒருவர் தனியாக எழுதியிருந்தார். வயலுக்கு அந்தப் பழமொழி பெரும்பாலும் பொருந்தும். கடலுக்குப் பொருந்தாது. தனுஷ்கோடியை அழித்த 1964 புயல் டிசம்பர் 22, 23-ல் வந்தது. கடலூரைச் சாய்த்த தானே புயல் 2011 டிசம்பர் 30-ல் கரை கடந்தது. இரண்டும் மார்கழி.

வேகப்பாய் | வெள்ளி, மாலை 4.00

வடக்குவாடை ஐயா கேட்டதற்குப் பதில். நான் போனது கேட்டமரான் (இரட்டை உடல் கொண்ட பாய்ப்படகு), என்னோடு 15 வருடம் ஓட்டியவர் இருந்தார், ஒரு எஞ்சின் படகும் கூட வந்தது. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். திரும்பி வர எங்களுக்கும் நாலரை மணி நேரம் ஆனது. கரைப்பறவை, 25 நாட் வீச்சில் இரண்டு பேர் எண்டர்பிரைஸில் போக வேண்டாம். ஆனால் ஒரேயடியாகக் கரையில் உட்காரவும் வேண்டாம் என்றுதான் இன்னும் சொல்வேன். காலை 8 முதல் 10 வரை கரைக்கு அருகிலேயே ஓட்டலாமே?

குப்பத்துத்தம்பி | வெள்ளி, மாலை 5.30

அண்ணா, காலையில் இறங்கலாம் என்றால் ஏறுவதையும் யோசிக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் வாடை கரையைப் பார்த்து அடிக்கும். கரை அலை எழும்பிவிடும். எங்கள் படகுகள் வரும்போது அலை முறியும் இடத்துக்கு வெளியே எஞ்சினைக் குறைத்து நிற்கும். பெரிய அலை மூன்று நான்கு சேர்ந்தாற்போல வரும், அவை போன பிறகு ஒரு ஓய்வு கிடைக்கும். அந்த ஓய்வில் கடைசி அலையின் முதுகுக்குப் பின்னாலேயே எஞ்சினை முறுக்கி வந்து மணலில் ஏற்றுவார்கள். அலைக்கு முன்னால் போனால் படகு குறுக்கே திரும்பி உருண்டுவிடும். பாய்ப்படகில் நின்று காத்திருக்கவும் முடியாது, நினைத்த நொடியில் வேகம் எடுக்கவும் முடியாது. கவிழ்ந்தால் பாய்மரம் மணலில் குத்தி முறியும். போன வருடம் ஒன்றைப் பார்த்தேன். அதன் கீழே யாரும் இல்லாதது அதிர்ஷ்டம்.

பாம்பன்வாசி | வெள்ளி, இரவு 7.45

இங்கே இராமேசுவரத்தில் இன்று மதியத்திலிருந்தே வாடை பலம். பாக் நீரிணைப் பக்கம் கடல் கலங்கி மண் நிறத்தில் கிடக்கிறது, ஆழம் குறைவான கடல், கொஞ்சம் காற்றுக்கே குட்டை அலையாக எழும்பிக் குத்தும். தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் தீவின் மறைவில் கரையோரம் அமைதி. ஆடியில் அப்படியே தலைகீழ், கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது தெற்கு கொதிக்கும், வடக்கு தூங்கும். அதனால் எங்கள் ஊர்க்காரர்கள் கடல் எப்படி என்று கேட்க மாட்டார்கள், எந்தக் கடல் என்றுதான் முதலில் கேட்பார்கள். குளிர்காலத்தில் காற்றாடிப் பலகை ஓட்ட வருகிறவர்களும் தீவின் எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் இறங்குகிறார்கள். கோவளத்தில் உங்களுக்கு அந்த மறைவு இல்லை. ஒரே பக்கம்தான் கடல்.

மாணவியின்அம்மா | வெள்ளி, இரவு 8.30

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு 11 வயது, ஆப்டிமிஸ்ட் (சிறுவர்களுக்கான சிறிய பாய்ப்படகு) ஓட்டுகிறாள். நாளை சென்னைத் துறைமுகத்துக்குள் பயிற்சி. அனுப்பலாமா? நேத்ரா குமணனைப் போல ஒலிம்பிக் போக வேண்டும் என்று நிற்கிறாள், மழை என்றாலும் விடமாட்டேன் என்கிறாள்.

வடக்குவாடை | வெள்ளி, இரவு 9.00

அம்மா, தாராளமாக அனுப்புங்கள். துறைமுகத்துக்குள் அலைதடுப்புச் சுவர் இருக்கிறது, அலை வராது, பயிற்சியாளரும் மீட்புப் படகும் இருக்கும். காற்று அதிகமென்றால் அவர்களே நிறுத்திவிடுவார்கள். இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். பருத்திச் சட்டை வேண்டாம், நனைந்தால் உடம்போடு ஒட்டிக் குளிரும். நீச்சல் உடைத் துணியில் முழுக்கைச் சட்டை, மேலே காற்று புகாத மெல்லிய மேலாடை. ஏறியதும் குடிக்கச் சூடாக ஏதாவது கொடுத்துவிடுங்கள். வாடையில் பழகிய பிள்ளைகளுக்குப் பிறகு எந்த ஊர்க் கடலும் புதிதாக இருக்காது.

கரைப்பறவை | வெள்ளி, இரவு 10.15

எல்லாவற்றையும் படித்தேன். நண்பரிடம் பேசிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான், அடுத்த மாதம் வேலை மாறி பெங்களூரு போகிறார், அதனால்தான் இந்தச் சனிக்கிழமையையே பிடித்துக்கொண்டு நின்றோம். இறங்கவில்லை. காற்றுமானியை எடுத்துக்கொண்டு கரையில் உட்காரப் போகிறோம்.

சோலன்ட்காரன் சொன்னபடி எங்கள் எண்ணையும் எழுதிவிட்டேன். வீச்சு 15 நாட். அதற்கு மேல் என்றால் இந்தக் குளிர்காலம் முழுக்க இறங்குவதில்லை. படகின் உள்பக்கம் நிரந்தர மையில் எழுதியிருக்கிறேன்.

கரைப்பறவை | சனி, மாலை 6.20

கரையில் பார்த்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை 7 மணி: வடமேற்கு, 5 நாட். கடல் எண்ணெய் ஊற்றியது போல. நண்பர் என்னைப் பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன். உண்மையாகச் சொல்கிறேன், எண்ணை எழுதி வைத்திருக்காவிட்டால் அப்போதே இறங்கியிருப்போம்.

காலை 9.40: காற்று செத்தது. பத்து நிமிடம் ஒன்றுமே இல்லை. பிறகு அடிவானத்தில் கடல் நிறம் மாறியது, கருநீலமாக ஒரு கோடு. அந்தக் கோடு கரையை நோக்கி வந்தது. வந்து சேர்ந்தபோது வடகிழக்கு 11.

நண்பகல் 12: 16, வீச்சு 21. வெள்ளை நுரை எல்லா இடத்திலும். எங்கள் திட்டப்படி மாமல்லபுரத்திலிருந்து திரும்பக் கிளம்பும் நேரம்.

பிற்பகல் 2.20: வடகிழக்கில் சாம்பல் நிறத் திரை மாதிரி மழை. அதற்கு முன்னால் சட்டென்று குளிர்ந்த காற்று, மண் வாசனை. காற்றுமானியில் 31 நாட் பார்த்தேன். பன்னிரண்டு நிமிடம் நீடித்தது. எதிரே கரையில் நின்ற ஃபைபர் படகின் தார்ப்பாய் கயிற்றோடு பிய்ந்து பறந்தது. குப்பத்துத்தம்பியின் அண்ணன் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "இதுல நடுக்கடல்ல இருந்திருப்பீங்க" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மழைக்குறிப்பு | சனி, இரவு 7.00

அந்த 31, மழைமேகத்திலிருந்து கொட்டிய குளிர்காற்று. மழைக்கு முன்னால் ஓடி வரும். எந்தச் செயலியும் அதை இடம், நேரம் குறித்துச் சொல்லாது. சென்னை ரேடார் படத்தை மட்டும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டிருந்தால் முக்கால் மணி நேரம் முன்பே தெரியும். கடலில் இருப்பவருக்குக் கரையிலிருந்து ஒருவர் ரேடாரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அடுத்த தடவை நீங்கள் இறங்கும்போது அந்த வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் எழுதிய 9.40 மணிக் குறிப்பைப் பத்திரமாக வையுங்கள். கரைக்காற்று ஓய்ந்து வாடை நுழையும் அந்த இடைவெளி தை, மாசியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போகும்.

கரைப்பறவை | அடுத்த சனி, பிற்பகல் 1.30

போய் வந்துவிட்டோம்!

தாழ்வுப் பகுதி மேற்கே போய்விட்டது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கணிப்பு மாறவில்லை, சராசரி 9, வீச்சு 13. மாமல்லபுரம் இல்லை. ஐயா சொன்ன கணக்கைத் தலைகீழாகப் போட்டோம். முதலில் எதிர்க்காற்று, வடக்கே. 10.15-க்கு இறங்கி முட்டுக்காட்டுக்கு நேரே போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. வெட்டி வெட்டி ஏறி, பாயில் கட்டிய நூல் துடிக்காமல் பிடிக்க நண்பர் நன்றாகவே பழகிவிட்டார். களைத்ததும் திரும்பினோம். இருபத்தைந்து நிமிடத்தில் கோவளம். கரை அலை முழங்கால் உயரம். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் போனோம், 1093-ம் கடலோரக் காவல்படையின் 1554-ம் இரண்டு பேர் கைப்பேசியிலும் இருந்தன. மழைக்குறிப்பு அக்கா மூன்று தடவை ரேடார் செய்தி அனுப்பினார். மூன்றும் "சுத்தம்".

நண்பர் சுக்கானைப் பிடித்தபடி ஒரு படம் எடுத்துக் கொடுத்தேன். பெங்களூருக்கு அதைத்தான் எடுத்துப் போகிறார்.

ஒரு சந்தேகம். போகும்போது வெள்ளம் ஒரு நாட் இருந்ததாகத் தெரியவில்லை, அரைக்கும் குறைவாகத்தான் இருந்திருக்கும். ஏன்?

வடக்குவாடை | அடுத்த சனி, பிற்பகல் 3.00

மனசு நிறைந்தது தம்பி. வெள்ளம் தளர்கிறது. தையில் இப்படித்தான் ஓயும், பிறகு வடக்கே திரும்பும். திரும்பியதும் உங்களுக்கு வேறு வேலை வரும். வாடை தெற்கே தள்ளும், வெள்ளம் வடக்கே ஓடும். இரண்டும் மோதினால் அதே 12 நாட் காற்றில் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் நிற்கும். ஊருக்குத் திரும்புவது சுலபமாகும், படகு மட்டும் நிறைய நனையும். உங்கள் 15 என்ற எண்ணை அப்போது மறுபடி பாருங்கள்.

குப்பத்துத்தம்பி | அடுத்த சனி, மாலை 6.10

அண்ணனிடம் கேட்டேன். நேற்று ராத்திரி வலை விட்ட இடத்துக்கும் எடுத்த இடத்துக்கும் ஒரு மைல்கூட இல்லையாம். பொங்கல் கழித்து மறுபடி தொழிலுக்குப் போகும்போது எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்து இங்கேயே எழுதுகிறேன்.